வழுவும் திருத்தமும்



'வழு' என்ற சொல்லை நீங்கள் முதன்முதலாக இலக்கண வகுப்பில் கேட்டிருப்பீர்கள். 'அவன் வந்தாள்' என்பது பால்வழு; 'நாளை வந்தான்' என்பது காலவழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு எழுவகைப்படும் என்பது நன்னூல் கண்ட வகை. கணினிக்கு எழுதப்படும் நிரலில் நேரும் குற்றத்தையும் இன்று அச்சொல்லாலேயே குறிக்கிறோம். அதைக் களைவதை வழுநீக்கம் என்கிறோம். பேச்சில் நேர்ந்த வழுவைக் கேட்பவர் தம் அறிவைக் கொண்டு சரிசெய்துகொள்வார். கணினிக்கு அவ்வாற்றல் கிடையாது. இட்ட கட்டளையை இட்டபடியே செய்வது அதன் இயல்பு.

நிரல் எழுதக் கற்பிக்கும் தொடக்கநூலிலேயே வழு புகுந்துவிட்டால் என்ன ஆகும்? அதைத் திருத்த வேண்டியவர் யார்? திருத்தும் முறை யாது? இவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு பதினோராம் வகுப்புக்கும், 2019-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடநூல்கள் வந்தன. அவற்றின் வழியே கணினி அறிவியல் மாணவர்கள் முதல் ஆண்டில் சி பிளஸ் பிளஸ் மொழியையும், அடுத்த ஆண்டில் பைத்தான் மொழியையும் கற்கும் நிலை ஏற்பட்டது. மதுரை நகரத்து மாணவன் பாடநூலோடு வேறு நூல்களையும் புரட்டிப் பார்க்கலாம்; வழிகாட்ட அண்டை வீட்டிலேயே ஒரு பொறியாளர் இருக்கலாம். மேலூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், உசிலம்பட்டிக்கு அப்பாலுள்ள மானாவாரி ஊர்களிலும் இருந்து வரும் பிள்ளைகள் பலருக்குக் கையில் உள்ள ஒரே நூலே ஆசிரியரும் அகராதியும் ஆகிறது. அந்த நூல் தவறினால், தவறென்று சொல்ல அருகில் ஆள் இல்லை.

அறிஞர்களுக்காக எழுதிய நூலில் ஒரு பிழை இருந்தால் பெருங்கேடு விளைந்துவிடாது. கற்றவர் அதனைக் கண்டதும் புன்முறுவலோடு கடந்து செல்வார். தொடக்கநூலைப் படிப்பவனுக்கோ நூலின்மேல் ஐயம் எழுவதில்லை. தன்மேலேயே ஐயம் எழுகிறது. இதுதான் இப்பொருளின் கொடுமையான பகுதி.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் மதுரைக்கு வந்து படித்த மாணவி ஒருத்தியை நான் அறிவேன். அவள் வைத்திருந்த நூலின் பெயர் இங்கு வேண்டா. ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களைக் கூட்டும் சிறிய பைத்தான் நிரல் அதில் இருந்தது. திரும்பத் திரும்ப இயங்கும் மடக்கு ஒன்றும், அதனுள் இரண்டு வரிகளும் இருந்தன. முதல் வரி எண்ணைக் கூட்டுத்தொகையில் சேர்க்கும். இரண்டாம் வரி அவ்வெண்ணை ஒன்று உயர்த்தும். பைத்தான் மொழியில் ஒரு வரி மடக்குக்கு உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே உணர்த்தும். அந்நூலில் இரண்டாம் வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. போன இடத்தில் இடப்பக்க ஓரத்தோடு ஒட்டி அச்சாகிவிட்டது. விளைவு என்ன? எண் உயரவே இல்லை. கணினி ஒன்றையே ஓயாமல் கூட்டிக்கொண்டிருந்தது. திரையில் விடையும் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. அவள் அந்த நிரலை ஒன்பது முறை பார்த்துப் பார்த்து எழுதினாளாம். பிறகு என்னிடம் வந்து, "ஐயா, எனக்குக் கணினிப் பாடம் வராது போலிருக்கிறது, வேறு பாடப் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாமா?" என்று கேட்டாள்.

"நூலை மூடி வைத்துவிட்டு, நீயே கணினியாக இருந்து தாளில் கூட்டிப் பாரம்மா" என்றேன். எண் 1, கூட்டுத்தொகை 1. மீண்டும் எண் 1, கூட்டுத்தொகை 2. மூன்றாம் சுற்று எழுதுவதற்குள் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, எண் மாறவே இல்லையே! இந்த வரி உள்ளே இருக்க வேண்டுமே!" என்றாள். வரியை உள்ளே தள்ளியதும் 55 என்ற விடை வந்தது. ஓர் அங்குல இடைவெளி ஒரு பெண்ணின் படிப்பையே திசை திருப்பியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நூற்பிழை திருத்தும் வரலாற்றில் மதுரைக்குத் தனி இடம் உண்டு. பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டில் இந்நகரில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அவரைப் பற்றித் தமிழறிஞர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று இருக்கிறது. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் தமிழ் கற்றார். திருக்குறளில் ஈடுபாடும் கொண்டார். சில குறட்பாக்களில் எதுகையும் மோனையும் தாம் எதிர்பார்த்தபடி அமையாததைக் கண்டு, ஏடெழுதியோர் செய்த பிழை அது என்று கருதி, சொற்களை மாற்றித் 'திருத்திய' பதிப்பொன்றை அச்சிட்டார். தேவர் அதைக் கண்டு வருந்தி, எஞ்சியிருந்த படிகள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கி அழித்துவிட்டார் என்பர்.

தேவரின் தமிழ்ப்பற்றுக்குச் சான்றாகவே இதைச் சொல்வது வழக்கம். நமக்கு இதில் மற்றும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த நூலில் பிழையைப் புகுத்தியவர் சோம்பேறி அல்லர். பிழை திருத்தப் புகுந்தவர். ஒன்று ஏன் அப்படி இருக்கிறது என்று ஆராயாமல் கைவைத்தால் திருத்தமும் வழுவாகிவிடும். ஆகவே நூலில் குற்றம் காணுமுன் குற்றங்களின் வகையை அறிந்துகொள்ளுதல் நலம்.

தொடக்கநிலை நிரல்நூல்களில் காணும் குற்றங்களை நால்வகையாகப் பிரிக்கலாம் என்பது என் கருத்து.

முதல்வகை எழுத்துப்பிழை. அரைப்புள்ளி விடுபடும், எண் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போன்ற ஆங்கில எழுத்து நிற்கும், நேராக இருக்க வேண்டிய மேற்கோள்குறி, அச்சின் அழகுக்காக வளைந்த குறியாக மாறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. இவ்வகையில் பெரும்பாலானவற்றைக் கணினியே தடுத்து நிறுத்தி, வரி எண்ணையும் சொல்லிவிடும். மேலே கூறிய இடைவெளிப் பிழை போன்ற சிலவே அதன் கண்ணுக்குத் தப்பிச் செல்லும்.

இரண்டாம் வகை காலவழு. எழுதிய நாளில் ஏற்கப்பட்டு, இன்று பிழையாகிவிட்டவை இவை. டர்போ சி பிளஸ் பிளஸ் என்னும் பழைய மென்பொருளில், தலைப்புக் கோப்பின் பெயரோடு 'டாட் ஹெச்' சேர்த்து எழுதுவதும், 'மெயின்' என்னும் செயற்கூற்றின் முன் 'வாய்ட்' என்று எழுதுவதும் செல்லுபடியாயின. 1998-இல் அம்மொழிக்கு உலகத் தரம் வகுக்கப்பட்டது. அதன்படி 'மெயின்' ஒரு முழு எண்ணைத் திருப்பித் தர வேண்டும். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கிய நூலை வைத்துக்கொண்டு புதிய நிரல்பெயர்ப்பியோடு மல்லாடும் மாணவன் இதை அறிதல் வேண்டும். பைத்தான் மொழியிலோ காலவழு ஓசையின்றி நுழையும். இரண்டாம் பதிப்பில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்ற விடை வரும். 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அதே கட்டளைக்கு 3.5 வரும். இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 ஜனவரி முதல் நாளோடு நின்றுவிட்டது. அதைப் பின்பற்றி எழுதிய நூல்களோ இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

மூன்றாம் வகையை 'மாறுகொளக் கூறல்' எனலாம். நூலுக்கு ஆகாத குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் சொல்வது இது. விளக்கம் ஒன்று சொல்லும். நிரல் வேறொன்று செய்யும். 'ஒன்று முதல் பத்து வரை' என்று விளக்கத்தில் இருக்கும். நிரலில் பைத்தானின் 'ரேஞ்ச்' கட்டளைக்கு 1, 10 என்று கொடுத்திருப்பார்கள். அக்கட்டளை பத்துக்கு முன்பே, ஒன்பதோடு நின்றுவிடும். விடை 55 என்று அச்சாகியிருக்கும். கணினி 45 என்று காட்டும். நிரலை இயக்கிப் பாராமல் விடையை எழுதியதால் வரும் குற்றம் இது.

நான்காம் வகை 'குன்றக் கூறல்'. இதுவும் நன்னூல் தந்த பெயரே. சொல்ல வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுவிடுதல் இதன் இலக்கணம். நால்வகையிலும் இதுவே நுட்பமானது. நிரல் தடையின்றி இயங்கும்; விடையும் பெரும்பாலும் சரியாகவே வரும்.

சான்றாக, நெட்டாண்டைக் கண்டறியும் நிரலை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி மாதத்துக்கு 29 நாள் வரும் ஆண்டு நெட்டாண்டு. 'ஆண்டு 4-ஆல் மீதியின்றி வகுபட்டால் நெட்டாண்டு' என்று எழுதி முடித்துவிட்ட தொடக்கநூல்கள் உண்டு. மாணவன் தான் பிறந்த ஆண்டைக் கொடுத்துப் பார்ப்பான். தந்தை பிறந்த ஆண்டைக் கொடுத்துப் பார்ப்பான். 2024-ஐக் கொடுத்துப் பார்ப்பான். எல்லாம் சரியாக இருக்கும். 1901 முதல் 2099 வரை எந்த ஆண்டைக் கொடுத்தாலும் அந்த நிரல் தவறவே தவறாது! ஆனால் 1582-இல் ஏற்பட்ட கிரெகோரி நாட்காட்டியின் விதி இன்னும் நீளமானது. நூற்றால் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு ஆகாது. நானூற்றாலும் வகுபட்டால் மட்டுமே ஆகும். ஆகவே 2000 நெட்டாண்டு. 1900 அன்று, 2100-உம் அன்று.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கிய நாள் 1901 செப்டம்பர் 14. அது என்ன கிழமை என்று கணக்கிடுவோம். 1900 ஜனவரி முதல் நாள் திங்கட்கிழமை. அன்றிலிருந்து 1900-ஆம் ஆண்டு முடிய 365 நாள், அடுத்த ஆண்டில் செப்டம்பர் 14 வரை 256 நாள், ஆக 621. இதை ஏழால் வகுத்தால் மீதி 5. திங்களிலிருந்து ஐந்து நாள் தள்ளினால் சனிக்கிழமை. குன்றக் கூறிய நிரலோ 1900-ஐயும் நெட்டாண்டாகக் கொண்டு, நாள்களை 622 என்று எண்ணி, ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லும். விதியில் ஒரு சொற்றொடர் குறைந்தது. வரலாற்றில் ஒரு கிழமை பிறழ்ந்தது.

'இவையெல்லாம் சிறியோர் செய்யும் பிழை. பெரியோர் நூலில் வாரா' என்று நினைத்துவிட வேண்டா. அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நடுவில் திறந்து பார்த்து, முன்னே போவதா பின்னே போவதா என்று தீர்மானிக்கிறோம் அல்லவா? அம்முறையில் தேடும் நிரலுக்கு இருமத் தேடல் என்று பெயர். அது முதலில் வெளிவந்தது 1946-இல். எல்லா அளவுகளுக்கும் பொருந்தும் பிழையற்ற வடிவம் வெளிவந்தது பல ஆண்டுகள் கழித்தே என்று டொனால்டு நூத் என்னும் பேரறிஞர் குறித்துள்ளார். 1986-இல் ஜான் பென்ட்லி தம் புகழ்பெற்ற நூலில் அந்நிரலைச் சரியென்று வாதித்தே காட்டினார். அவ்வழியில் ஜாவா மொழிக்கு அதை எழுதியவர் ஜோஷுவா பிளாக். 2006-இல் அவரே அதில் ஒரு வழு இருப்பதை உலகுக்கு அறிவித்தார். நடுவிடத்தைக் காண இரு முனை எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். அம்மொழியின் முழு எண் 2,14,74,83,647 வரையே கொள்ளும். பட்டியல் மிகப் பெரிதானால் கூட்டுத்தொகை அவ்வெல்லையைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். முனைகளின் வேறுபாட்டைக் கண்டு, அதில் பாதியைச் சிறிய முனையோடு கூட்டினால் தீர்ந்தது. இவ்வளவு எளிய திருத்தத்தை இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ பேரறிஞர் கண்களும் காணவில்லை.

பிழை நேர்வது இழிவன்று. கண்டபின் மறைப்பதே இழிவு என்பதற்கு நூத் நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய 'கணினி நிரலாக்கக் கலை' என்னும் பெருநூலின் முதல் தொகுதி 1968-இல் வெளிவந்தது. தம் நூல்களில் பிழையை முதலில் கண்டு தெரிவிப்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் பரிசு என்று அவர் அறிவித்தார். 256 என்பது கணினித் துறையில் பழகிய எண். அவர் அனுப்பிய காசோலைகளை வங்கியில் மாற்றாமல் கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டில் மாட்டி வைத்தவர்கள் பலர். 2008 முதல் உண்மையான காசோலைக்கு மாற்றாகக் கற்பனை வங்கி ஒன்றின் பெயரால் சான்றிதழ் வழங்கலானார். தம் பிழையைக் காட்டியவரைப் பகைவராக எண்ணாமல் உதவியாளராக மதித்த பண்பு இது.

இனி, நூலில் பிழை இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலாவது, நூலில் உள்ளதை உள்ளபடி எழுதினீர்களா என்று வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இரண்டாவது, நூலின் பதிப்பாண்டையும் உங்கள் கணினியில் உள்ள மொழியின் பதிப்பையும் பாருங்கள். காலவழு அங்கேயே வெளிப்பட்டுவிடும். மூன்றாவது, சிறிய எண்களை வைத்துத் தாளில் நடத்திப் பாருங்கள். நான்காவது, எல்லையில் உள்ள மதிப்புகளைக் கொடுத்துப் பாருங்கள்: சுழியம், எதிர்மறை எண், வெற்றுப் பட்டியல், நூற்றாண்டின் இறுதி ஆண்டு. குன்றக் கூறல் ஒளிந்துகொள்ளும் இடங்கள் இவைதாம். கணினி விடை தந்துவிட்டது என்பதாலேயே நிரல் சரியென்று முடிவு செய்யாதீர்கள்.

இவ்வளவும் செய்தபின், எழுதுகோலை எடுங்கள். பக்கம், வரி, இப்போது இருப்பது, இருக்க வேண்டியது, அதற்குக் காரணம் என்ற ஐந்தையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் வழியாக நூலை வெளியிட்டோர்க்கு அனுப்புங்கள். ஏளனச் சொல் ஒன்றும் வேண்டா. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது, பாடவேறுபாடுகளை மறைக்காமல் படிப்போர் காணும்படி கொடுத்தார். நம் திருத்தமும் அப்படிச் சான்றோடு நிற்க வேண்டும். காரணம் காட்டாத திருத்தம் ஸ்காட் துரையின் திருத்தமாகிவிடும்.

'தேர்வில் எதை எழுதுவது?' என்பது உங்கள் மனத்தில் எழும் கேள்வி. அது நியாயமான கேள்விதான். மதிப்பெண்ணை நம்பிக் கல்லூரி வாயிலில் நிற்கும் ஏழைப் பிள்ளையிடம், 'உண்மைக்காக மதிப்பெண்ணை இழந்துவிடு' என்று சொல்ல எனக்கு மனம் வராது. தேர்வு வரும்வரை காத்திராமல், ஆண்டின் தொடக்கத்திலேயே பிழையை ஆசிரியரிடம் தெரிவித்துவிடுங்கள். தேர்வில் முழு விதியையும் எழுதி, அதன் காரணத்தை ஒரு வரியில் சேருங்கள். விடைத்தாள் திருத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நூற்றையும் நானூற்றையும் எண்ணிப் பார்த்து விடை எழுதிய மாணவன், நூலைவிட ஒரு படி மேலே சென்றிருக்கிறான். நூலில் இல்லை என்ற காரணத்தால் அவன் மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். குறைத்தால், அவன் இனி எந்நாளும் சிந்திக்கத் துணியமாட்டான்.

ஒரு பிழையை உரிய காலத்தில் திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1983-இல் வெளிவந்த லோட்டஸ் என்னும் கணக்கு மென்பொருள் 1900-ஐ நெட்டாண்டாகக் கொண்டது. பின்னர் வந்த எக்செல், அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்பிழையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இன்றும் அதில் 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாள் இருக்கிறது. திருத்தினால் அதை நம்பி எழுதிய எண்ணற்ற கணக்குகள் ஒரு நாள் பிறழும் என்று விட்டுவைத்துள்ளனர். பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று அன்பினால் சொல்வதை வழுவமைதி என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. எக்செல் ஏற்றுக்கொண்டதும் ஒருவகை வழுவமைதியே. அன்பினால் வந்ததன்று, வேறு வழியின்மையால் வந்தது.

பாண்டித்துரைத் தேவர் காலத்தில் பிழைபட்ட நூலின் படிகளைத் தேடி வாங்க ஒரு வள்ளலால் முடிந்தது. இன்று ஒரு பாடநூல் இலட்சக்கணக்கான கைகளுக்குப் போகிறது. மின்வடிவில் அதைவிட விரைந்து போகிறது. எல்லாவற்றையும் வாங்கி அழிக்க எந்த வள்ளலாலும் இயலாது. ஆனால் ஒவ்வொரு படியும் ஒரு மாணவன் கையில்தான் இருக்கிறது. அவன் கையில் ஓர் எழுதுகோலும் இருக்கிறது. உங்கள் நூலின் ஓரத்தில் நீங்கள் காரணத்தோடு எழுதி வைக்கும் ஒரு வரித் திருத்தம், அடுத்த ஆண்டு அந்நூலைப் படிக்கப்போகும் தம்பிக்கோ தங்கைக்கோ பயன்படும். 'எனக்கு இது வராது' என்று அவர்கள் சோர்ந்து எழுந்து போகாமல் அது காக்கும். இன்று மாலையே உங்கள் கணினிப் பாடநூலைத் திறந்து, முதல் நிரலைத் தாளில் நடத்திப் பாருங்கள்.